கோழி ஊதியாச்சு

பதினான்கு வருடமாகியும் பிக்யுக்குக்கு அந்த மணிச் சத்தம் பழகவில்லை. யாராவது கூப்பிட்டால் திரையில் ஒரு பெயர் சிவக்கும். பக்கத்து இருக்கைப் பெண்கள் பிஸ்கட் மென்றுகொண்டே பேசுவார்கள். இவள் மட்டும் காதில் மாட்டிய மைக்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பரீட்சை எழுத வந்தவள் போல நிமிர்ந்து உட்காருவாள்.

தனியாக வசிக்கும் வயதானவர்களின் கழுத்தில் ஒரு பொத்தான் தொங்கும். விழுந்தாலோ நெஞ்சை அடைத்தாலோ அமுக்க வேண்டியதுதான். வீட்டு மேசைமேல் இருக்கும் பெட்டி வழியாக பிக்யுக் போன்றவர்களின் குரல் அங்கே கேட்கும். அங்கே நடப்பதெல்லாம் இங்கே கேட்கும். ஹாங்காங்கில், குன் டோங் பக்கம், ஒரு காலத்தில் ஜீன்ஸ் தைத்த கட்டடத்தின் பதினோராவது மாடியில் இருந்தது அந்த அழைப்பு மையம்.

கூப்பிடுகிறவர் விழுந்து கிடப்பார், மூச்சு வாங்குவார், சில சமயம் அழுவார். அதெல்லாம் அவளுக்குச் சமாளிக்கக் கூடியதாகவே இருந்தது. அவள் பயந்ததெல்லாம் பேச்சுக்குத்தான். எதிரில் இருப்பவர் சொன்னதைத் தப்பாகப் புரிந்துகொண்டு விடுவோமோ என்ற பயம். பத்து வயதில் பிடித்தது, இன்னும் விட்டபாடில்லை.

பத்து வயதில்தான் சீனாவின் ஜின்ஜியாங் பக்கத்துக் கடலோர ஊரிலிருந்து அம்மாவோடு ஹாங்காங் வந்தாள். வீட்டில் பேசியது ஹொக்கியன் மொழி. நார்த் பாயின்ட்டில் அந்த ஊர்க்காரர்கள் நிறையப் பேர் இருந்ததால் தெருவில் கவலையில்லை. பள்ளிக்கூடம்தான் வேறு உலகம். முதல் வாரம் எழுந்து நின்று பாடம் வாசித்தபோது பின்னாலிருந்து ஒருவன், "பேய் மண்ணு திங்குது" என்றான். வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறவர்களை இந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அவளுக்கு அது தெரியாது. பேய் எங்கே என்று திரும்பிப் பார்த்தாள். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அதன்பின் ஒரு வருடம் அவள் வகுப்பில் வாயைத் திறக்கவில்லை.

ஹாங்காங்கில் பேசும் கான்டனீஸ் சொற்கள் இரண்டு வருடத்தில் வந்துவிட்டன. அந்தச் சொற்களை வைத்துக்கொண்டு இந்த ஊர்க்காரர்கள் அடிக்கிற கூத்துதான் பிடிபடவில்லை. பதினெட்டு வயதில் தையல் ஆலையில் சேர்ந்தாள். மேஸ்திரி செய்த தப்புக்கு இவள் திட்டு வாங்கியபோது கூட வேலை பார்த்தவள், "ஏண்டி நீ செத்த பூனையைத் திங்கிற?" என்று கேட்டாள். அடுத்தவன் பழியை ஏன் சுமக்கிறாய் என்ற பரிவு அது. பிக்யுக் இரண்டு நாள் ஆலைச் சாப்பாட்டுக் கூடத்தில் கறியைத் தொடவில்லை.

மிகப் பெரிய அடி இந்த மையத்தில் சேர்ந்த முதல் வருடம் விழுந்தது. ஒரு வயதான அம்மாள் மருந்து விவரம் கேட்கக் கூப்பிட்டிருந்தார். பேச்சுவாக்கில், "எங்க வீட்டுக்காரரு போன மாசம் உப்பு வாத்து முட்டை விக்கப் போயிட்டாரு" என்றார்.

"அப்படியாம்மா, வியாபாரம் நல்லா நடக்குதா?" என்று கேட்டுவிட்டாள் பிக்யுக்.

 உடனே தொடர்பு அறுந்தது. செத்துப்போனார் என்பதை அழாமல் சொல்வதற்கு அந்த அம்மாளிடம் இருந்த ஒரே வழி அது. பதிவை அதிகாரி போட்டுக் காட்டியபோது பிக்யுக்குக்குக் காது வரை எரிந்தது. அன்று தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். எந்த வழக்குப் பேச்சையும் மூன்று வெவ்வேறு ஆட்கள் வாயிலிருந்து கேட்ட பிறகுதான் தன் வாயால் சொல்வது. மீன் கடையில், பேருந்தில், முடிதிருத்துகிற இடத்தில் என்று காதைத் தீட்டிக்கொண்டு அலைந்தாள். நாற்பது வயதில் அவளை யாரும் வெளியூர்க்காரி என்று சொல்லவில்லை. அவள் மகன்கூட அம்மா பேசுவதைக் கேட்டு, "மினிபஸ் டிரைவர் கெட்டான் போ" என்பான்.

மாக் என்பவர் உண்மையிலேயே மினிபஸ் ஓட்டியவர். எண்பத்தொரு வயது. டோக்வாவானில் லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் தனியாக இருந்தார். வாரம் ஒருமுறையாவது பொத்தானை அமுக்கிவிட்டு, "கை பட்டுடுச்சு அழகி" என்று ஆரம்பித்து அரட்டைக்கு இழுப்பார். இந்த ஊரில் மீன் விற்கிறவரும் காய் விற்கிறவரும் எந்தப் பெண்ணையும் அழகி என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் ஒன்றும் இல்லை. போனில் வெகுநேரம் பேசுவதைக் கஞ்சி காய்ச்சுவது என்பார்கள். மாக் காய்ச்சினால் பானையே தேய்ந்துவிடும்.

ஜூன் மாதம், ஒரு புதன்கிழமை மதியம் இரண்டேகால் மணிக்கு அவர் பெயர் திரையில் சிவந்தது.

"மாக் பெரியப்பா, பிக்யுக் பேசுறேன். எங்கயாவது விழுந்துட்டீங்களா?"

 ஏதோ இழுப்பறையைத் திறந்து கொட்டும் ஓசை.

"ஒண்ணுமில்ல. கை பட்டுடுச்சு."

‘அழகி’ என்ற சொல் வரவில்லை. பிக்யுக் மைக்கை இறுகப் பிடித்தாள்.

"உங்க ஆளுங்க சாப்பாடு கொண்டு வருவாங்கல்ல," என்றார் மாக், யாருக்கோ ஒப்பிக்கிற குரலில். "அதைப் பத்திக் கேக்கலாம்னுதான். இன்னிக்கு நான் உப்பு வாத்து முட்டை விக்கப் போயிருவேன்போல இருக்கு."

மையம் யாருக்கும் சாப்பாடு கொண்டு போவதில்லை. மாக் மூன்று வேளையும் கீழே உள்ள கடையில்தான் சாப்பிடுவார். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் சாகப் போகிறேன் என்பதைத் தினம் மூன்று தடவை சொல்கிற கிழவர்களும் அவளுக்குத் தெரியும்.

"நெஞ்சு வலிக்குதா பெரியப்பா?"

"நெஞ்செல்லாம் கல்லு மாதிரி இருக்கு. இங்க பல்பு ஒண்ணு எரிஞ்சுக்கிட்டே இருக்கு, அதான்."

 இரண்டு பேர் நடுவே வேண்டாமல் வந்து உட்காருகிற மூன்றாவது ஆளைப் பல்பு என்பார்கள். அங்கே யாரோ இருக்கிறார்கள். அதைவிடப் பெரிய பயம் அடுத்த நொடியே வந்தது. இந்த ஒரு பேச்சு சீனா முழுக்கப் பேசுகிற மாண்டரினிலும் உண்டு. எந்த ஊரிலிருந்து வந்தவனுக்கும் இது புரியும்.

"என்ன பல்பு?" என்றது ஓர் ஆண் குரல், பெட்டிக்கு வெகு அருகில். "சீக்கிரம் பேசி வை."

சீக்கிரம் என்பதற்கு இந்த ஊர்க்காரர்கள் உதட்டைக் கடித்து ‘ஃபாய்’ என்று தொடங்குவார்கள். அவன் ‘ஹாய்’ என்றான். பிக்யுக் இரண்டு வருடம் கண்ணாடி முன் நின்று உதட்டைக் கடித்துப் பழகிய சொல் அது. ஹொக்கியன் நாக்குக்கு அந்த எழுத்து வராது. அவன் அவள் ஊர்ப் பக்கத்து ஆள். வந்து அதிக நாள் ஆகியிருக்காது.

"கக்கூஸ் பல்பு தம்பி. மாத்தணும்னு சொல்லிட்டு இருக்கேன்," என்றார் மாக்.

 மறுபடி இழுப்பறை ஓசை. அவனுக்கு எவ்வளவு புரிகிறது, எது புரியவில்லை என்று அவளால் அளந்து சொல்ல முடிந்தது. அவன் நிற்கிற இடத்தில்தான் அவள் இத்தனை வருடம் நின்றிருந்தாள். 

"வீட்டுக்கு விருந்தாளியா பெரியப்பா?"

"ஆமா. ஜன்னல் சரியா இருக்கான்னு பாக்க வந்தவரு. சாப்பிட்டுத்தான் போவாராம். வெட்டலாம்னு இருக்கு."

ரோஸ்ட் கடையில் வாத்தோ பன்றியோ வாங்கி வருவதை ஊரில் ‘வெட்டுறது’ என்பார்கள். போய்க் கொஞ்சம் வெட்டிட்டு வா என்றால் சாப்பாட்டுக்கு ஒரு கறி கூடுகிறது என்று அர்த்தம். கான்டனீஸ்காரர் யார் கேட்டாலும் அப்படித்தான் கேட்கும். பிக்யுக்குக்கு அது நேரான அர்த்தத்தில் விழுந்தது. பேய் எங்கே என்று திரும்பிப் பார்த்த அதே பிக்யுக்.

அவள் கேட்டாள்: "கடையில வெட்டுறதா, வீட்டுலயே வெட்டுறதா?"

"வீட்டுலயே."

"பெரிசாவா?"

"இல்ல இல்ல. பழம் நறுக்குவோம்ல, அந்த அளவுதான்."

மதியச் சாப்பாட்டு ரசீதின் பின்பக்கம் அவள் எழுதினாள்: ‘வீட்டுக்குள் ஒருவன். கத்தி. போலீஸ்.’ எழுத்து கோணிக்கொண்டு போனது. அதை மேற்பார்வையாளர் சியூ முன் தள்ளினாள். சியூவுக்கு இருபத்தொன்பது வயது. இந்த ஊரிலேயே பிறந்தவர். இன்னொரு ஹெட்போனை எடுத்துக் காதில் வைத்துக் கேட்டார். பிக்யுக் தன் பக்கத்துக் குரலை அடைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"பெரியவர் கறி வாங்குறதப் பத்தித்தானேக்கா பேசுறாரு."

"நாம அவருக்குச் சாப்பாடு குடுக்கிறதில்ல சார்."

"வயசாச்சு, ஏதோ குழப்பம். போன வாரம்கூட இவரு சும்மா அமுக்கினதுதானே. போலீஸ் போய், ஒண்ணுமில்லன்னு ஆச்சுன்னா நமக்கு ரெண்டு பேருக்கும் கணவாய் வறுத்துருவாங்க." வேலை போய்விடும் என்பதைத்தான் சொன்னார். "நிச்சயமாத் தெரியுமா உங்களுக்கு?"

வாழ்க்கையில் எந்த ஒரு பேச்சையும் அவள் நிச்சயமாகத் தெரிந்துகொண்டதில்லை. தெரியும் என்று நினைத்த இடத்திலெல்லாம் சறுக்கியிருக்கிறாள். இந்தக் கிழவர் உண்மையிலேயே வாத்து வாங்கப் போகிறார், அந்த ஆள் உண்மையிலேயே ஜன்னல் பார்க்க வந்தவன் என்றால்?

"நிச்சயம்," என்றாள்.

சியூ அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு போனை எடுத்து அவசர எண்ணை அழுத்தினார்.

பெட்டியில் அவன் குரல் உயர்ந்தது. "வை போன. போதும்."

குரலைத் திறந்துகொண்டு பிக்யுக் அவசரமாகச் சொன்னாள்: "பெரியப்பா, கோழி ஊதியாச்சு. பத்துப் பதினஞ்சு நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் கஞ்சிய அடுப்புல ஏத்துங்க. தீய கூட்டிறாதீங்க."

ஆட்களைத் திரட்டிக் கூப்பிடுவதைக் கோழி ஊதுவது என்பார்கள். ஊதல் அடித்துக் கூட்டம் சேர்த்த காலத்துப் பேச்சு. மூன்று வாய்களில் கேட்ட பிறகும் அவள் அதுவரை தன் வாயால் சொன்னதில்லை. பெண்கள் அதிகம் சொல்கிற பேச்சு அல்ல அது.

மாக் மூச்சை இழுத்து விட்டது கேட்டது.

"கஞ்சி காய்ச்ச எனக்குச் சொல்லித் தரணுமா அழகி."

"என்ன கோழி?" என்றான் அவன். "யாரு வரா?"

 கோழி வருகிறது என்றால் அதைக் கொண்டுவர ஓர் ஆள் வருவான், கதவைத் தட்டுவான். அதை அவள் யோசிக்கவில்லை. அவள் சொன்ன சொல்லே அந்தக் கத்தியை அவர் கழுத்துக்குக் கொண்டு போகப் போகிறது.

"கோழிக்கறி தம்பி," என்றார் மாக். "வயசானவங்களுக்குக் குடுக்கிறது."

"வேணாம்னு சொல்லு. யாரும் வரக்கூடாது."

"பெரியப்பா, நீங்க கதவெல்லாம் திறக்க வேணாம்," என்று குறுக்கே விழுந்தாள் பிக்யுக்.  "கம்பிக் கதவுல மாட்டிட்டுப் போயிருவாங்க. ஆனா உங்க விவரம் சரிபாக்காம நான் வைக்கக் கூடாது, வச்சா உடனே ஆம்புலன்ஸ் அனுப்பிருவாங்க. விதி அப்படி. அரிசிய எவ்வளவு நேரம் ஊற வைக்கிறீங்க?"

அப்படி ஒரு விதி கிடையாது. அவன் அதை நம்பினான் போலிருந்தது. ஏதோ முனகிவிட்டு விலகினான். அலமாரிக் கதவு கிறீச்சிட்டது.

மாக் கஞ்சியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அரிசியில் எண்ணெய் பிசிறி வைப்பது, பதப்படுத்திய கறுப்பு முட்டையை எப்போது சேர்ப்பது, இஞ்சி எவ்வளவு. பிக்யுக் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாள். சுவர்க் கடிகாரத்தில் நான்கு நிமிடம் போனது. ஐந்து. ஆறாவது நிமிடத்தில் அலமாரி ஓசை நின்றது. நடக்கும் சத்தம் பெட்டியை நோக்கி வந்தது. அவன் தனக்குத்தானே பேசினான், தன் தாய்மொழியில், அங்கே யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில்.

"மூஞ்சிய நல்லாப் பாத்துட்டான் கெழவன். விட்டுட்டுப் போனா காட்டிக் குடுத்துருவான். இப்ப என்ன செய்ய."

மாக் வெள்ளைப்பூண்டு நறுக்குவதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு அது வெறும் சத்தம். பிக்யுக்குக்கு அது அம்மா சமையலறையில் பேசுகிற மொழி.  கத்த வேண்டும்போல இருந்தது. திரையில் அவர் பெயருக்குக் கீழே நோய்களின் வரிசை நின்றது: ரத்த அழுத்தம், மூட்டு வலி, வலது கண் புரை.

அவள் ஹொக்கியனில் பேசினாள்.

"எய்யா, அந்தப் பெரியவருக்குக் கண்ணு தெரியாது. ரெண்டு கண்ணும் புரை. ஒம் மூஞ்சிய அவரு பாக்கல. கத்தியக் கீழ போட்டுட்டு வீட்டுக்குப் போயிரு."

கஞ்சிப் பேச்சு நின்றது. ஒரு மூச்சு மட்டும் பெட்டியில் வந்து மோதியது.

"யாரு நீ?" என்றான் அவன், அதே மொழியில். சின்னப் பையன் குரல் போல இருந்தது.

பிறகு ஏதோ உருண்டு விழுந்தது. பெட்டியின் ஒயர் பிடுங்கப்பட்டது. திரை சாம்பலாகிவிட்டது.

"என்னக்கா பேசினீங்க? அது என்ன பாஷை?" என்று சியூ கேட்டார்.  பிக்யுக் மறுபடி மறுபடி அந்த எண்ணை அழுத்தினாள். அங்கே மணியே அடிக்கவில்லை. தான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவன் இன்னும் ஐந்து நிமிடம் கஞ்சியைக் கேட்டுக்கொண்டு நின்றிருப்பான் என்று தோன்றியது. அவரைக் கொன்றது நான்தான் என்று தோன்றியது. பக்கத்துப் பெண் வெந்நீர் கொண்டு வந்து வைத்தாள். 

இருபத்திரண்டு நிமிடம் கழித்துத்தான் தகவல் வந்தது. ஓடி இறங்கியவன் இரண்டாவது மாடிப் படியில், மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்த மூன்று காவலர்கள் மேலேயே வந்து மோதினான். அவன் தள்ளிவிட்டதில் மாக்குக்கு மணிக்கட்டு முறிந்திருந்தது, முழங்கையில் ஒரு வெட்டு. உயிருக்கு ஒன்றுமில்லை. அதைக் கேட்டதும் பிக்யுக் எழுந்து கழிப்பறைக்குப் போய், மதியம் தின்றதையெல்லாம் வாந்தி எடுத்தாள்.

வாக்குமூலம் எழுத மூன்று மணி நேரம் ஆனது. எழுதிய பெண் காவலருக்கு ஒவ்வொரு பேச்சும் கேட்ட மாத்திரத்தில் புரிந்தது, சிரிக்கவும் சிரித்தாள். ஆனால் தாளில் எல்லாவற்றுக்கும் விளக்கம் வேண்டுமாம். முட்டை என்றால் சாவு. கோழி என்றால் நீங்கள். தாளைத் திரும்பப் படித்தபோது, இது ஒரு கிழவரின் சந்தைக்குப் போகிற பட்டியல்தானே என்று யாராவது கேட்டால் என்ன செய்வது என்று பிக்யுக்குக்கு மறுபடி உதறல் எடுத்தது.

ஆஸ்பத்திரியில் மாக் கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்தார்.

"வீட்டுலயே வெட்டுறதான்னு கேட்ட பாரு, அப்பத்தான் எனக்குப் போன உயிர் திரும்பி வந்துச்சு. அது சரி, கடைசில அவங்கிட்ட என்னவோ சொன்னியே, என்னது?"

"உங்களுக்கு ரெண்டு கண்ணும் தெரியாதுன்னு சொன்னேன் பெரியப்பா."

அவர் முகம் சுண்டிவிட்டது. "நாப்பத்தோரு வருஷம் வண்டி ஓட்டினவன் நான். ஒரு சைக்கிளைக்கூட இடிச்சதில்ல."

அவருக்குக் கை கூடிவிட்டது. பிக்யுக்குக்குத்தான் சரியாகவில்லை. அவன் அவள் முகத்தைப் பார்த்ததில்லை, குரலைக் கேட்டிருக்கிறான். அவன் உள்ளே இருக்கிறான் என்று தெரிந்தும், நார்த் பாயின்ட் சந்தையில் பின்னால் யாராவது ஹொக்கியனில் பேசினால் கால் நின்றுவிடும். வெளியில் இருக்கும்போது அம்மாவின் போன் வந்தால் எடுக்கமாட்டாள். எடுத்தாலும் கான்டனீஸிலேயே பதில் சொல்வாள். "ஏம்ட்டி, எங்கிட்ட எதுக்கு இந்தப் பேச்சு பேசுத?" என்று அம்மா கோபித்துக்கொண்டாள். காரணத்தை அவள் சொல்லவில்லை.

அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டதால் சாட்சி சொல்ல யாரும் கூப்பிடவில்லை. இருந்தும் தீர்ப்பு நாளன்று விடுப்பு எடுத்துக்கொண்டு போனாள். ஒரு தடவை அவனைப் பார்த்துவிட்டால் தெருவில் எல்லா முதுகையும் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லையே என்று நினைத்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். வாசலில் காவலாளி ஏதோ கேட்டபோதுகூடத் தலையை மட்டும் ஆட்டினாள்.

அவனைக் கண்ணாடிக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இருபத்துமூன்று வயது. ஒல்லி. காது இரண்டும் துருத்திக்கொண்டிருந்தன. நீதிபதி ஆங்கிலத்தில் வாசித்தார், ஒருவர் அதை மாண்டரினில் அவன் காதுக்குச் சொன்னார். அவன் தலை தூக்கவில்லை. எல்லாம் கால் மணி நேரத்தில் முடிந்தது.

முன் வரிசையில் இருந்த இரண்டு ஆண்கள் எழுந்து வெளியே போனார்கள். போகிற போக்கில் ஒருவன் மற்றவனிடம், "மூணே கால் வருஷத்துக்கு மேல அரண்மனைச் சோறு" என்றான்.

பிக்யுக்குக்குப் பக்கத்தில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். வெயிலில் கறுத்த முகம், மடியில் ஒரு துணிப்பை. பை பிதுங்கும் அளவுக்குப் பழம். அவள் அந்த ஆண்களின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பிக்யுக்கின் சட்டைக் கையைப் பிடித்து, உடைந்த கான்டனீஸில் கேட்டாள்.

"அரண்மனைச் சோறுன்னா... சர்க்கார் வேலையா? எம் மவனுக்கு வேலை போட்டுக் குடுக்காங்களா?"

முகத்தில் நம்பிக்கை அப்படியே தெரிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அவன் இன்னும் நின்றுகொண்டிருந்தான், பத்தடி தூரத்தில், கதவு திறப்பதற்காகக் காத்து. பிக்யுக் வாயைத் திறந்தால் அவனுக்குக் கேட்கும்.

அந்தக் கை சட்டையை விடவில்லை.

பிக்யுக் குனிந்து, அந்த அம்மாளின் காதருகே போய், ஹொக்கியனில் சொன்னாள். "இல்லம்மா. செயில்ல போடுற சோத்தத்தான் இந்த ஊர்ல அப்படிச் சொல்லுவாவ. மூணு வருசம், நாலு மாசம்."

அந்த அம்மாள் முதலில் கேட்டது அதைப் பற்றியே அல்ல. "நீ நம்ம ஊருப் பிள்ளையா தாயி?" என்றாள்.

கண்ணாடிக்குப் பின்னால் அவன் தலை திரும்பியது. அம்மாவைத்தான் பார்த்தானா, பக்கத்தில் இருந்தவளையா என்று பிக்யுக்குக்குத் தெரியவில்லை. அவள் தலையைத் தூக்கவில்லை. கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்கும்வரை அந்தப் பையில் இருந்த பழங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்மா," என்றாள் பிறகு. "வாங்க, மவனைப் பாக்க எங்க எழுதிக் குடுக்கணும்னு கேட்டுச் சொல்லுதேன்."